வெப்லாஜிக், டாம்கேட் சர்வர்களில் ஊடுருவல்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

நிறுவனங்களின் வெப் அப்ளிகேஷன் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் ஒரே கோளாறு வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்ததால் இந்தக் குறிப்பு உருவானது. "சர்வர் மெதுவாகிவிட்டது" என்ற புகார் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். அத்துடன் ஊடுருவலின் தடயங்களில் பாதி அழிந்துபோகிறது. மறுநாள் அதே புகார் மீண்டும் வருகிறது. ஆகவே கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன். லினக்ஸ் கணினிகளில் ஓடி ஜாவா அப்ளிகேஷன்களை இயக்கும் ஆரக்கிள் வெப்லாஜிக், அப்பாச்சி டாம்கேட் ஆகிய இரண்டு சர்வர் மென்பொருள்களையுமே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், மின்சாரத்தையும் நிறுத்தாதீர்கள். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் நினைவகத்தையும் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். அது முடியாத இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் (நிரல்களின்) பட்டியல், திறந்திருக்கும் நெட்வொர்க் இணைப்புகள், எல்லாப் பயனர்களின் க்ரான் பட்டியல் (குறித்த நேரங்களில் தானாக ஓடும் கட்டளைகள்), டெம்ப் கோப்புறையில் இருப்பவை ஆகியவற்றை இதே வரிசையில் வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். லாக் கோப்புகளை அதன் பிறகு எடுக்கலாம். வெப்லாஜிக் தன் அக்சஸ் லாக் (வந்த கோரிக்கைகளின் பதிவு) வரிகளைச் சிறிது நேரம் நினைவகத்தில் தேக்கி வைத்த பிறகே வட்டில் எழுதுகிறது என்பதால், ஜாவா ப்ராசஸைக் கில் கட்டளையால் வலிந்து நிறுத்தினால் நமக்கு மிகவும் தேவைப்படும் கடைசி வரிகள் கிடைக்காமல் போகக்கூடும்.

லாக்குகளின் நேர மண்டலத்தை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் லோடு பேலன்சர் யூடிசி (உலகப் பொது) நேரத்திலும் அப்ளிகேஷன் சர்வர் இந்திய நேரத்திலும் எழுதினால் இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேரம் இருக்கும். இதைக் கவனிக்காததால் ஒருமுறை சம்பந்தமே இல்லாத ஓர் ஐபி முகவரியைத் தேடி எங்களுக்கு இரண்டு நாள் வீணானது.

அறிகுறி 1: சிபியு உச்சத்திலேயே நிற்கிறது, ரீஸ்டார்ட் செய்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்கே வருகிறது

டாப் கட்டளையை ஓட்டி, முதல் வரியில் நிற்பது எந்த ப்ராசஸ் என்று பாருங்கள்.

*அது ஜாவா ப்ராசஸ் என்றால்*

பெரும்பாலும் இது ஊடுருவல் அன்று. ஹீப் நினைவகம் (ஜாவாவுக்கு ஒதுக்கிய இடம்) போதாமல், பயனற்ற பொருள்களை அகற்றும் ஜிசி வேலையிலேயே ஜாவா சுழன்றுகொண்டிருக்கும். டாப் கட்டளையில் த்ரெட்டுகளை (ப்ராசஸுக்குள் ஓடும் வேலை இழைகளை) தனித்தனியாகக் காட்டச் சொல்லி, அதிகம் உழைக்கும் த்ரெட்டின் எண்ணை எடுத்து, அதைப் பதினாறடிமான எண்ணாக மாற்றி, ஜேஸ்டாக் கருவி தரும் த்ரெட் டம்ப்பில் (அப்போதைய த்ரெட்டுகளின் பட்டியலில்) தேடுங்கள். ஜிசி த்ரெட் அகப்பட்டால் ஹீப் அளவைப் பார்க்க வேண்டும். உங்கள் அப்ளிகேஷனின் கிளாஸ் (ஜாவா நிரல் பகுதி) அகப்பட்டால் டெவலப்பரிடம் கொடுக்க வேண்டும். த்ரெட் டம்ப்பில் எக்ஸ்எம்எல்டிகோடர் (எக்ஸ்எம்எல்லை ஜாவா பொருளாக்குவது), ப்ராசஸ்பில்டர் (வெளிக் கட்டளையை ஓட்டுவது) போன்ற பெயர்கள் தென்பட்டு, உங்கள் அப்ளிகேஷன் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று டெவலப்பர் சொன்னால், அடுத்த கிளைக்குச் செல்லுங்கள்.

*அது ஜாவா அல்லாத, பெயர் தெரியாத ப்ராசஸ் என்றால்*

அது எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். வெப்லாஜிக்கையோ டாம்கேட்டையோ இயக்கும் அதே பயனரின் பெயரில் ஓடினால், சர்வரின் ஏதோ ஓர் ஓட்டை வழியாக வந்தது என்று கிட்டத்தட்ட உறுதியாகக் கொள்ளலாம். அந்த ப்ராசஸைக் கொல்வதற்கு முன்னால், ப்ராக் கோப்புறையில் அதன் எண்ணுக்குரிய உட்கோப்புறையைத் திறந்து இரண்டு கோப்புகளைப் பாருங்கள்.

முதலாவது, எக்ஸ்இ என்ற இணைப்பு. தன்னை ஓட்டிவிட்டு வட்டிலிருந்து அழித்துக்கொள்ளும் நிரல்களில், இந்த இணைப்பின் முடிவில் நீக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். வட்டில் கோப்பு இல்லாவிட்டாலும், ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை இந்த இணைப்பிலிருந்து அந்த நிரலை முழுமையாக நகலெடுக்க முடியும்.

இரண்டாவது, என்விரான் என்ற கோப்பு. எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். ஒரு ப்ராசஸ் தன் தாய் ப்ராசஸின் சூழல் மாறிகளை அப்படியே பெற்றுக்கொள்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒரே கணினியில் மூன்று வெப்லாஜிக் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சந்தேகத்துக்குரிய ப்ராசஸின் தாய் எண் 1 (உண்மையான தாய் முடிந்துபோனதால் கணினியின் முதல் ப்ராசஸ் பொறுப்பேற்றது) என்று இருந்ததால் எதன் வழியாக வந்தது என்று தெரியவில்லை. என்விரான் கோப்பைப் பார்த்தபோது, அதில் டொமைன் ஹோம் மாறி (வெப்லாஜிக்கில் ஒன்றாக நிர்வகிக்கப்படும் சர்வர்களின் தொகுப்பான டொமைன் இருக்கும் கோப்புறை) அப்படியே இருந்தது. அது எல்லோரும் மறந்துபோயிருந்த ஒரு சோதனை டொமைனின் பாதை. அன்றாடப் பயன்பாட்டிலிருந்த டொமைன்கள் இரண்டும் பேட்ச் செய்யப்பட்டிருந்தன (ஓட்டையை அடைக்கும் திருத்தம் போடப்பட்டிருந்தது). அவற்றோடு ஒரே கணினியில், தனி நிறுவலிலிருந்து இயங்கிய சோதனை டொமைனை ஒருவரும் தொடவில்லை. மாறாக, என்விரான் கோப்பில் நான்கைந்து மாறிகள் மட்டுமே இருந்தால் அந்த ப்ராசஸை இப்போது எழுப்பியது க்ரான் என்று பொருள். உள்ளே வந்த வழி வேறு, வந்த நாளும் வேறு.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் கோளாறு திரும்பி வருவதற்குக் காரணம் அநேகமாக க்ரான் பட்டியல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏதோ ஒரு முகவரியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை கர்ல் அல்லது டபிள்யூகெட் வழியாக இறக்கி, நேரே ஷெல்லுக்கு அனுப்பும் ஒற்றை வரி அதில் இருக்கும். ஆகவே முதலில் வெளியே செல்லும் நெட்வொர்க்கை அடைத்துவிடுங்கள், பிறகு அந்த க்ரான் வரியை நகலெடுத்துவிட்டு நீக்குங்கள், அதன் பிறகே ப்ராசஸைக் கொல்லுங்கள்.

ஆரக்கிள் 2017 அக்டோபர் பேட்சில் அடைத்த சிவிஇ-2017-10271 என்ற ஓட்டை (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்), அதே ஆண்டு டிசம்பரிலிருந்து மொனேரோ என்ற மின்னணு நாணயம் தோண்டும் நிரல்களை இறக்குவதற்குப் பரவலாகப் பயன்பட்டது. நாணயம் தோண்டுபவரே இதுவரை வந்திருந்தால் இழப்பு மின்சாரத்தோடும் வேகத்தோடும் முடியலாம். ஆனால் அவர் நுழைந்த கதவு வேறு யாருக்கும் திறந்தே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

*நிபுணரை அழைக்க வேண்டிய நிலை:* அந்த ப்ராசஸ் ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனரின் பெயரில் ஓடினால், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில் உங்களுக்குத் தெரியாத வரி இருந்தால், அல்லது அதே நிரல் இரண்டாவது கணினியிலும் அகப்பட்டால், நீங்களே சுத்தம் செய்வதை அத்துடன் நிறுத்துங்கள்.

அறிகுறி 2: லாக்கில் புரியாத கோரிக்கைகள் வருகின்றன

இணையத்துக்குத் திறந்துவிட்ட எந்தச் சர்வருக்கும் இரவும் பகலும் சோதனைக் கோரிக்கைகள் வந்துகொண்டேயிருக்கும். கோரிக்கை வந்தது என்பதைவிட, அதற்குச் சர்வர் என்ன விடை கொடுத்தது என்பதையே பார்க்க வேண்டும். அங்கும் விடை எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

*முகவரியில் டபிள்யூஎல்எஸ்-டபிள்யூசாட் என்று இருந்தால்:* 404 (கேட்டது இல்லை) என்றால் அந்த வெப்லாஜிக் கூறு நீக்கப்பட்டிருக்கிறது அல்லது முன்னாலேயே தடுக்கப்படுகிறது. 500 (சர்வர் பிழை) என்றால் பலர் தாக்குதல் தோற்றது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது தவறு. மேலே சொன்ன சிவிஇ-2017-10271 ஓட்டையில் கட்டளை ஓடி முடிந்த பிறகும் சர்வர் 500 என்றே விடை தரும். போஸ்ட் கோரிக்கைக்கு 500 வந்திருந்தால், அதே நிமிடத்தில் உருவான கோப்புகளையும் ப்ராசஸ்களையும் தேடுங்கள்.

*முகவரி _அசிங்க் என்று தொடங்கினால்:* இது 2019 ஏப்ரல் 26 அன்று, வழக்கமான காலாண்டு அட்டவணைக்குக் காத்திராமல் ஆரக்கிள் அவசரமாகப் பேட்ச் வெளியிட்ட சிவிஇ-2019-2725. இங்கே கவலைப்பட வேண்டிய எண் 202 (கோரிக்கை ஏற்கப்பட்டது).

*முகவரியில் கன்சோல் என்ற சொல்லும் %252 என்ற குறியும் சேர்ந்து வந்தால்:* இருமுறை மாற்றி எழுதப்பட்ட பாதையைக் கொண்டு, கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகக் கன்சோலுக்குள் நுழையும் முயற்சி இது. 2020 அக்டோபர் பேட்ச் சிவிஇ-2020-14882 ஓட்டையை அடைத்தது. அந்த அடைப்பையும் சுற்றிச் செல்ல வழி இருந்ததால் நவம்பர் 1 அன்று சிவிஇ-2020-14750 என்ற எண்ணில் இன்னொரு பேட்ச் வந்தது. அக்டோபர் பேட்சைப் போட்டுவிட்டு நின்றவர்கள் ஏராளம். இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

*டாலர் குறியும் நெளிவு அடைப்பும் கொண்ட வரிகள் வந்தால்:* இது 2021 டிசம்பரில் வெளிப்பட்ட, லாக்4ஜே என்ற ஜாவா லாக் எழுதும் நூலகத்தின் ஓட்டையான சிவிஇ-2021-44228. ஜேஎன்டிஐ (ஜாவா பெயரைக் கொண்டு பொருள்களைத் தேடிப் பெறும் வசதி) என்ற சொல்லை மட்டும் தேடினால் போதாது; ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி அடைப்புக்குள் மறைத்து அனுப்புவார்கள். ஆகவே டாலரும் நெளிவு அடைப்பும் சேர்ந்த குறியையே தேடுங்கள். இந்தச் சரம் பிரவுசரின் பெயர் வரும் இடத்திலோ, லாகின் பெயரிலோ, எந்தத் தலைப்பிலோ வரலாம். அந்தத் தாக்குதல் பலித்ததா இல்லையா என்பதை அறிகுறி 3 சொல்லும்.

*அக்சஸ் லாக்கில் எதுவுமே இல்லை என்றால்:* அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்லாஜிக்கின் சொந்தத் தொடர்பு முறையான டி3 நெறிமுறை, அதே 7001 போர்ட்டில் எச்டிடிபியோடு சேர்ந்து இயங்குகிறது. ஆனால் அதன் வழியாக வருபவை அக்சஸ் லாக்கில் பதிவாவதில்லை. 2018 இன் சிவிஇ-2018-2628, 2023 இன் சிவிஇ-2023-21839 ஆகிய ஓட்டைகளின் வழி டி3. முதலாவதைப் பொறுத்தவரை, சர்வர் லாக்கில் டிசீரியலைசேஷன் (வந்த பைட்டுகளை ஜாவா பொருளாக மாற்றுவது) தொடர்பான பிழைகளும் கிளாஸ்காஸ்ட் பிழைகளும் திடீரென முளைத்திருக்கின்றனவா என்று தேடுங்கள். டி3 வெளியிலிருந்து தேவைப்படும் நிறுவனத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கனெக்‌ஷன் ஃபில்டரில் உள் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்ற எல்லாருக்கும் டி3, டி3எஸ், ஐஐஓபி ஆகிய நெறிமுறைகளை மறுக்கும் விதியைக் கடைசியில் எழுதிவிடுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை, பேட்ச் தாமதமாகும் மாதங்களில் உங்களைக் காக்கும்.

லாக்கில் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே முகவரியிலிருந்து வந்ததாகத் தெரிந்தால் அது உங்கள் லோடு பேலன்சரின் முகவரி. உண்மையான முகவரியைத் தாங்கிவரும் தலைப்பையும் பதியுமாறு லாக் வடிவத்தை மாற்றி வைக்காதவர்களுக்கு, தேவைப்படும் நாளில் அது கிடைக்காது.

அறிகுறி 3: சர்வர் தானாக வெளியே தொடர்புகொள்கிறது என்று ஃபயர்வால் குழு சொல்கிறது

*டிஎன்எஸ் வினவல் மட்டும் போயிருந்தால்:* ஓட்டை இருப்பது உறுதி. யாரோ சோதித்திருக்கிறார்கள் என்பதும் உறுதி. உள்ளே வந்துவிட்டார்கள் என்று இன்னும் சொல்ல முடியாது. உங்கள் பாதுகாப்புக் குழுவே ஸ்கேன் செய்ததா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். சில நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

*389, 1389 போன்ற போர்ட்டுகளுக்கு எல்டாப் (பயனர் விவரப் பட்டியல்களைத் தேடும் நெறிமுறை) இணைப்பு போயிருந்தால்:* லாக்4ஜே அந்தச் சரத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதைத் தொடர்ந்து அதே முகவரிக்கோ வேறு முகவரிக்கோ எச்டிடிபி இணைப்பும் போயிருந்தால், ஒரு கிளாஸ் கோப்பு இறங்கி ஓடியிருக்கக்கூடும். அதை ஊடுருவலாகவே கொள்ளுங்கள். ஜாவா 8 இன் 191 ஆம் அப்டேட்டிலிருந்து இப்படி வெளியிலிருந்து கிளாஸ் இறக்குவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருப்பதால் சிலர் கவலையை விட்டுவிடுகிறார்கள். கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களில்) ஏற்கெனவே இருக்கும் கிளாஸ்களைக் கொண்டே தாக்கும் வழியும் உண்டு என்பதால் அந்தத் தடுப்பை முழுமையாக நம்ப முடியாது.

*உள் நெட்வொர்க்கிலுள்ள மற்றக் கணினிகளை நோக்கி இணைப்புகள் போனால்:* இனி நீங்கள் தேட வேண்டாம். கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டு, ஓடவிட்டபடியே நிபுணரை அழையுங்கள்.

அறிகுறி 4: யாரும் வைக்காத ஜேஎஸ்பி கோப்பு அகப்படுகிறது

ஜேஎஸ்பி என்பது சர்வரிலேயே ஓடும் ஜாவா வெப் பக்கம். முதலில் எளிய காரணத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: டெவலப்பர் யாராவது சோதனைக்காக வைத்தாரா, பழைய ரிலீசின் எச்சமா என்று வார் கோப்பை (அப்ளிகேஷன் பொதியை) விரித்து ஒப்பிடுங்கள். அப்படி இல்லையென்றால் அது வெப்ஷெல்லாக (ஊடுருவியவர் வெளியிலிருந்து கட்டளை ஓட்ட வைக்கும் பக்கமாக) இருக்கக்கூடும். கோரிக்கையில் வரும் மதிப்பை எடுத்துக் கட்டளையாக ஓட்டும் வரியோ, நீண்ட குறியாக்கச் சரத்தை விரித்து கிளாஸாக ஏற்றும் வரியோ உள்ளே இருக்கும்.

தேட வேண்டிய இடங்கள் சர்வருக்குச் சர்வர் மாறும். வெப்லாஜிக்கில், டொமைனின் சர்வர்ஸ் கோப்புறைக்குள் ஒவ்வொரு சர்வருக்கும் இருக்கும் தற்காலிகக் கோப்புறையில் _டபிள்யூஎல்_இன்டர்னல் என்ற பிரிவு உண்டு. அப்ளிகேஷன் கோப்புறையை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். டாம்கேட்டில் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் உள்ள ரூட் என்ற கோப்புறையைப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் வெளியான, ஸ்பிரிங் என்ற ஜாவா நிரல் கட்டமைப்பின் ஓட்டையான சிவிஇ-2022-22965 டாம்கேட்டின் அக்சஸ் லாக் எழுதும் வசதியையே திசைதிருப்பி ஜேஎஸ்பி எழுதவைத்தது. பலர் பெயரைக்கூட மாற்றாமல் டாம்கேட்வார் என்ற பெயரிலேயே அதை விட்டுச் சென்றார்கள். ஜேஎஸ்பி கோப்பு அழிக்கப்பட்டிருந்தாலும், டாம்கேட்டின் ஒர்க் கோப்புறையில் அதிலிருந்து உருவான ஜாவா கோப்பு பல நேரம் அப்படியே கிடக்கும். வெப்ஷெல்லின் முழு உரையும் அதில் கிடைக்கும்.

கோப்பின் தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளடக்கம் மாறிய நேரத்தை டச் கட்டளையால் மூன்றாண்டு பின்னால் தள்ளிவிடலாம். ஸ்டாட் கட்டளை காட்டும் நிலை மாறிய நேரத்தை அப்படி எளிதாக மாற்ற முடியாது. இரண்டுக்கும் பொருந்தாத இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியே சான்று.

வெப்ஷெல்லை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதன் பெயரை அக்சஸ் லாக்கில் தேடி, முதல் கோரிக்கை எந்த நாளில் வந்தது என்று கண்டுபிடியுங்கள். அந்த நாளுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து புதிதாகக் கட்டுவதே நம்பத்தக்க வழி. தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் விவரங்கள் இருந்தால், இந்த இடத்தில் நிபுணரையும் சட்டப் பிரிவையும் சேர்த்தே அழைக்க வேண்டும்.

அறிகுறி 5: பேட்ச் போட்ட பிறகும் ஸ்கேனர் ஓட்டை இருப்பதாகச் சொல்கிறது

ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள். எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் இரண்டிலேயே தீர்ந்தன.

சர்வர் பேட்சுக்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்யப்பட்டதா? ஜாவா ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டினால், அது திறந்து வைத்திருக்கும் ஜார் கோப்புகள் (ஜாவா நூலகங்கள்) தெரியும். வட்டில் புதிய ஜார் இருக்க, ப்ராசஸ் நீக்கப்பட்ட பழைய ஜாரையே பிடித்துக்கொண்டிருந்தால் பேட்ச் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

எல்லாக் கணினிகளிலும் போடப்பட்டதா? வெப்லாஜிக்கில் பேட்ச் போடும் கருவியான ஓபேட்ச் வேலை செய்வது அந்தக் கணினியின் ஆரக்கிள் ஹோமில் (நிறுவல் கோப்புறையில்) மட்டும். அட்மின் சர்வர் உள்ள கணினியில் போட்டுவிட்டு, மேனேஜ்டு சர்வர்கள் உள்ள கணினிகளை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓபேட்சின் இன்வென்டரிப் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள்.

அந்த நூலகம் வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா? லாக்4ஜே விஷயத்தில் இதுவே முதன்மைக் காரணம். இயர் என்ற பெரிய பொதிக் கோப்புக்குள் வார், அதற்குள் லிப், அதற்குள் இன்னொரு ஜாரோடு கலந்து கட்டப்பட்ட லாக்4ஜே என்று அது கிடக்கும். கோப்புப் பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது. ஜேஎன்டிஐலுக்கப் என்ற கிளாஸ் பெயரை ஜார்களுக்குள் புகுந்து தேடும் கருவியைப் பயன்படுத்துங்கள். பதிப்பு 2.15.0 இல் நின்றுவிட்டவர்களும் உண்டு. அதன் பிறகு 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்து வந்தன. ஜாவா 8 பயன்படுத்துபவர்கள் குறைந்தது 2.17.1 இல் இருக்க வேண்டும்.

ஸ்கேனர் 8009 போர்ட்டைக் காட்டினால் அது டாம்கேட்டின் ஏஜேபி இணைப்பு (முன்னால் நிற்கும் வெப் சர்வர் டாம்கேட்டோடு பேசும் வழி). 2020 இன் கோஸ்ட்கேட் ஓட்டையான சிவிஇ-2020-1938 வழியாக, வெப்-இன்ஃப் கோப்புறையில் உள்ள கான்ஃபிகரேஷன் கோப்புகளை வெளியிலிருந்து படித்துவிட முடியும். 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் இது அடைக்கப்பட்டது. ஏஜேபி தேவையில்லை என்றால் சர்வர் எக்ஸ்எம்எல்லில் அந்த வரியை நீக்கிவிடுங்கள். தேவை என்றால் உள் முகவரியோடு கட்டி, ரகசியச் சொல்லையும் வையுங்கள்.

கடைசிக் காரணம்தான் செலவு மிக்கது: பதிப்பே ஆயுள் முடிந்ததாக இருக்கலாம். டாம்கேட் 7 க்கு 2021 மார்ச்சிலும் 8.5 க்கு 2024 மார்ச்சிலும் ஆதரவு முடிந்தது, வெப்லாஜிக் 10.3.6 க்கும் பேட்ச் வருவதில்லை. இங்கே கனெக்‌ஷன் ஃபில்டரும் ஃபயர்வால் விதியும் நாள்களைத் தள்ளிப்போட உதவும். இடம்பெயர்வுக்கான பட்ஜெட்டை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது ஊடுருவலுக்குப் பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அறிகுறி 6: கன்சோலில் தெரியாத பயனர், அல்லது தெரியாத டிப்ளாய்மென்ட் (நிறுவப்பட்ட அப்ளிகேஷன்)

டாம்கேட்டில் இது அநேகமாக எளிய கடவுச்சொல் வைத்த மேனேஜர் அப்ளிகேஷன் வழியாக வந்திருக்கும். அக்சஸ் லாக்கில் மேனேஜர் முகவரிக்கு வந்த அப்லோட் கோரிக்கைகளைத் தேடுங்கள்.

வெப்லாஜிக்கில் பயனரை நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். டேட்டாசோர்ஸ் (தரவுத்தள இணைப்பு) கடவுச்சொற்கள் கான்ஃபிகரேஷன் கோப்பில் மறையாக்கப்பட்டே இருக்கின்றன. ஆனால் அவற்றைத் திறக்கும் சாவி, டொமைனின் செக்யூரிட்டி கோப்புறையில் சீரியலைஸ்டுசிஸ்டம்இனி என்ற கோப்பில் இருக்கிறது. டொமைன் கோப்புறையைப் படிக்க முடிந்தவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் எங்கோ அமர்ந்து திறந்துகொள்ளலாம். ஆகவே தரவுத்தளம், எல்டாப், மின்னஞ்சல் என்று அந்த டொமைனில் பதிந்துள்ள எல்லாக் கடவுச்சொற்களையும், அவற்றின் மூல இடத்திலேயே மாற்றியாக வேண்டும்.

அறிகுறி 7: கோப்புகள் திறக்கவில்லை, பணம் கேட்கும் குறிப்பு இருக்கிறது

சோதனை எதுவும் வேண்டாம். சிவிஇ-2019-2725 வெளியான நாள்களிலேயே அதன் வழியாக சோடினோகிபி என்ற ரான்சம்வேர் இறக்கப்பட்டது. வெப்லாஜிக் சர்வரில் தொடங்கி அடுத்தடுத்த கணினிகளுக்குப் பரவும் வேகத்தோடு நீங்கள் போட்டியிட முடியாது. நெட்வொர்க் கேபிளை எடுங்கள், பேக்கப் சர்வரை உடனே தனிமைப்படுத்துங்கள், நிபுணரை அழையுங்கள்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால், 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய நிகழ்வைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவித்தாக வேண்டும். லாக்குகளை 180 நாள்களுக்கு வைத்திருக்கவும் வேண்டும். அறிகுறி 1 முதல் 6 வரையிலானவற்றில் ஊடுருவல் உறுதியானாலும் இது பொருந்தும். தெரிவிக்கும்போது கேட்கப்படுபவை: அறிகுறி முதலில் தென்பட்ட நேரம், பாதிக்கப்பட்ட கணினியின் முகவரி, சர்வரின் பதிப்பும் கடைசிப் பேட்சின் எண்ணும், இதுவரை நீங்கள் செய்த ஒவ்வொன்றும் அது செய்த நேரமும். கடைசியில் சொன்னதை முதல் நிமிடத்திலிருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.